காவிரிக்கு ஒரு வக்காலத்து – 7: சேலம் இல்லாத ஒப்பந்தம்

சென்ற வாரம் 1914 மே 12-ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஹெச்.டி. கிரிஃபின் நடுவர். இந்திய அரசின் நீர்ப்பாசன இன்ஸ்பெக்டர் ஜெனரல் எம். நெதர்சோல் அவருக்குத் துணையாக அமர்ந்த மதிப்பீட்டாளர். 1913 ஜூலை 16-இல் தொடங்கிய விசாரணை பத்து மாதம் ஓடி, அன்றுதான் தீர்ப்பில் முடிந்தது. மைசூர் மூச்சு விட்டது. சென்னைக் கோட்டைக்கு அந்தத் தீர்ப்பு கசந்தது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக வழக்கைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கண்ணம்பாடியில் மைசூர் ஓர் அணை கட்டத் தொடங்கியது. திட்டம் விசுவேசுவரய்யாவுடையது. அவர் அப்போது மைசூரின் தலைமைப் பொறியாளர். 1912-இல் திவானாகவும் ஆனார். அணைக்குக் காரணம் வயல் மட்டும் அல்ல. சிவசமுத்திரத்தில் 1902 முதல் நீர்மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது மைசூர். கோடையில் ஆறு இளைத்தால் மின்சாரமும் இளைக்கும், சுரங்கக் கம்பெனிக்காரன் சும்மா இருக்கமாட்டான். எனவே ஆற்றைத் தேக்கி வைத்து வருஷம் முழுக்க அளந்து விட ஒரு நீர்த்தேக்கம் வேண்டும். மைசூர் 41.5 டி.எம்.சி. கொள்ளளவு கேட்டது. மேட்டூரில் 80 டி.எம்.சி. தேக்கத் தானும் திட்டம் போட்டிருந்த சென்னை, முடியாது என்றது. இந்திய அரசு இடையில் புகுந்து 11 டி.எம்.சி.க்கு மட்டும் அனுமதி கொடுத்தது.

மைசூர் தலையாட்டியது. ஆனால் அஸ்திவாரத்தைப் பெரிய அணைக்கே போட்டது!

இதைக் கண்டுபிடிக்க ஒற்றன் தேவைப்படவில்லை. கல் அணை தன் எடையால்தான் நிற்கிறது. உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காவது அடியில் அகலம் இருக்கவேண்டும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. குழியில் இறங்கி அளவு நாடாவைப் பிடித்தாலே போதும், மேலே எவ்வளவு எழுப்பப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்த்த பிறகுதான் சென்னை சண்டைக்கு நின்றது.

சரி, சண்டையை எங்கே போடுவது? தொடரைப் படிக்கும் வக்கீல் நண்பர்கள் சிலர் இதையேதான் கேட்கிறார்கள்: சென்னை ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை? போக ஒரு கோர்ட் இல்லை என்பதுதான் பதில். மைசூர் ஒரு சமஸ்தானம். மகாராஜாவின் அரசைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அமெரிக்காவில் அப்போதே நிலைமை வேறு. ஆர்கன்சாஸ் ஆற்றுக்காகக் கான்சாஸ் மாநிலம் கொலராடோ மீது தொடுத்த வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1907-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. இங்கே மேல் மாநிலத்துக்கும் கீழ் மாநிலத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு காகிதம்: 1892 பிப்ரவரி 18 தேதியிட்ட ஒப்பந்தம்.

அந்தக் காகிதத்தின் உயிர் மூன்றாம் விதியில் இருந்தது. மைசூர் புதிய பாசன வேலை எதையாவது தொடங்கினால் சென்னையின் சம்மதம் வேண்டும். ஆனால் சென்னை தன் இஷ்டத்துக்குச் சம்மதத்தை மறுக்க முடியாது. ஏற்கெனவே சம்பாதித்து, உண்மையிலேயே நடப்பில் இருக்கும் அனுபவ பாத்தியதையைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே மறுக்கலாம். தகராறு வந்தால் மத்தியஸ்தம், அல்லது இந்திய அரசின் முடிவு. இது நாலாம் விதி. இதன்படிதான் கிரிஃபின் வந்தார்.

பாத்தியதை என்ற ஒரு சொல்லில் வழக்கு முழுவதும் தொங்கியது. தஞ்சாவூருக்கு எவ்வளவு தண்ணீர் மேல் பாத்தியதை? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இருக்கும் மேலணை அளவுகோல்தான் அதற்குச் சாட்சி. கோலில் தண்ணீர் இன்ன அடிக்கு மேல் நின்றால் மைசூர் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கீழே போனால் வருவதை வருகிறபடி விட்டுவிட வேண்டும். அந்தக் கோடு எங்கே என்பதுதான் சண்டை. அரை அடி கூடினாலும் குறைந்தாலும் டெல்டாவில் ஒரு போகத்தின் தலையெழுத்து மாறிவிடும். கிரிஃபின் போட்ட கோடு தாழ்ந்தது என்று சென்னை நினைத்தது.

அணை, ஏரி, கால்வாய் விவகாரங்களில் சென்னை வக்கீல்களுக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. 1874-இலேயே கார்வெட்டிநகர் ஜமீன்தார் மீது மதராஸ் ரயில்வே கம்பெனி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கிறது. மழையில் ஜமீன் ஏரி உடைந்து ரயில் பாதை சேதமானது. நஷ்டஈடு கொடு என்றது கம்பெனி. இங்கிலாந்துச் சட்டப்படி, தன் நிலத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்தவன் அது வெளியேறிச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு. ஆனால் இந்த நாட்டில் ஏரி வைத்திருப்பது ஜமீன்தாரின் சௌகரியம் அல்ல, ஊர் பிழைக்கச் செய்யவேண்டிய கடமை; அசட்டை இல்லாதவரை அவர் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று பிரிவி கவுன்சில் கம்பெனியைத் திருப்பி அனுப்பியது. லண்டனில் இன்று கட்டுமான வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றமும், அதில் மட்டுமே வாதாடும் பாரிஸ்டர்களும் உண்டு. அன்றைய சென்னையில் காலையில் தத்து வழக்கு பேசிய அதே ஆள்தான் மாலையில் மதகு வழக்குக்கும் கட்டைப் பிரிப்பார்.

கிரிஃபின் தீர்ப்பை இந்திய அரசு 1916-இல் உறுதி செய்தது. சென்னை விடவில்லை, லண்டனில் இருந்த இந்தியா மந்திரியிடம் மேல்முறையீடு செய்தது. நடுவே உலகப் போர். 1919-இல் லண்டன், கிரிஃபின் தீர்ப்பை அப்படியே நடைமுறைக்கு விடாமல் நிறுத்தியது. இனி இரண்டு வழி: மறுபடி ஒரு மத்தியஸ்தம், அல்லது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது. பேசினார்கள். 1921 ஜூலையில் கண்ணம்பாடி மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற ஒழுங்குவிதிகள் தயாராயின. அது பொறியாளர்கள் சேர்ந்து போட்ட கணக்கு. கணக்கை ஒப்பந்தமாக்க ஒரு வக்கீல் வேண்டியிருந்தது.

1923-இல் அவர் வந்தார்.

சி.பி. ராமசாமி ஐயர். 1879-இல் வந்தவாசியில் பிறந்தவர். வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் தொழில் பழகியவர். ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அவர் தம்பியும் யாரிடம் வளர்வது என்று 1913-இல் நடந்த வழக்கில் தகப்பனார் நாராயணய்யா தரப்பில் அன்னி பெசன்ட்டுக்கு எதிராக நின்று உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர். (லண்டனில் அந்த வெற்றி கவிழ்ந்தது வேறு கதை.) தோற்கடித்த பெசன்ட்டுடனேயே பிறகு ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்து நடந்தவர். 1920-இல் அட்வகேட் ஜெனரல். 1923-இல் கவர்னர் வில்லிங்டனின் நிர்வாகக் கவுன்சிலில் சட்ட உறுப்பினர். இரட்டை ஆட்சியில் நீர்ப்பாசனம் மந்திரிகளிடம் போகாமல் கவுன்சிலிடமே ஒதுக்கி வைக்கப்பட்ட துறை. அது அவர் கைக்கு வந்தது.

இவரைப் ‘பாரிஸ்டர் சி.பி.’ என்று எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அவர் பாரிஸ்டர் அல்ல. லண்டன் இன்களில் விருந்து சாப்பிட்டுப் பட்டம் வாங்கி வந்தவர்கள்தான் பாரிஸ்டர்கள். அவர்களின் கொடி எர்ட்லி நார்ட்டன் காலத்தில் உயரப் பறந்தது. சி.பி. சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த வக்கீல் கூட்டத்தைச் சேர்ந்தவர். உள்ளூர்ப் படிப்பு படித்த ஒருவரிடம் காவிரிக் கட்டு போய்ச் சேர்ந்தது நல்லதே என்பது என் அபிப்பிராயம். தஞ்சாவூர் மிராசுதாரின் அனுபவ பாத்தியதை என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. மேட்டூருக்குச் சென்னை அரசு தயங்கியதாம், மைசூர் ஒத்துக்கொள்ளவில்லையாம். சி.பி. தஞ்சாவூர்க் கலெக்டரைக் கூப்பிட்டு, காவிரி வெள்ளத்தால் ஆண்டுதோறும் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குக் கேட்டாராம். முப்பது லட்சம் என்று வந்தது. உங்கள் ஆறுதானே, உங்கள் தண்ணீர்தானே எங்கள் பயிரை அழித்தது, வருஷா வருஷம் முப்பது லட்சம் கொடுங்கள் என்று மைசூருக்கு நோட்டீஸ் போனதாம். திவான் விசுவேசுவரய்யா உடனே பணிந்தாராம்.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் விசுவேசுவரய்யா திவான் பதவியை விட்டது 1918-இல், சி.பி. சட்ட உறுப்பினரானது 1923-இல். ஐந்து வருஷம் இடிக்கிறது. அப்போது மைசூர் திவான் ஆல்பியன் ராஜ்குமார் பானர்ஜி, ஐ.சி.எஸ். அதிகாரி. சட்டப்படி பார்த்தாலும், மேலே சொன்ன கார்வெட்டிநகர்த் தீர்ப்பு நினைவிருந்தால், தானாக வரும் ஆற்று வெள்ளத்துக்கு மேலே இருக்கிறவனிடம் நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்று ஒரு முன்னாள் அட்வகேட் ஜெனரல் நம்பியிருப்பாரா? நான் நம்பவில்லை. முப்பது லட்சத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் படிப்போம்.

1924 பிப்ரவரி 18. பழைய ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதம், அதே தேதி, 32 வருஷம் கழித்து. மைசூருக்காக திவான் பானர்ஜியும், சென்னைக்காக பி. ஹாக்கின்ஸும் கையெழுத்திட்டார்கள்.

மைசூருக்குக் கிடைத்தது: கண்ணம்பாடியில் 44.827 டி.எம்.சி. கொள்ளளவு. அதாவது முதலில் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட! அதைக்கொண்டு 1,25,000 ஏக்கர் புதிய பாசனம். சென்னைக்குக் கிடைத்தது: மேட்டூரில் 93.5 டி.எம்.சி. அணை; அதைக்கொண்டு 3,01,000 ஏக்கர் புதிய பாசனம். நாளைக்குப் பவானியிலோ அமராவதியிலோ நொய்யலிலோ சென்னை புதிதாக நீர்த்தேக்கம் கட்டினால், அதில் அறுபது சதவீத அளவுக்கு மைசூரும் தன் பக்கத்து உபநதி ஒன்றில் ஈட்டுத் தேக்கம் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சரத்து. இரண்டு பக்கமும் இவ்வளவு தூரம் யோசித்து எழுதிய நதிப் பத்திரம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

இப்போது சேலம் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அணை எங்கள் ஜில்லாவில். அந்த 3,01,000 ஏக்கரில் எங்கள் பங்கு எவ்வளவு?

பூஜ்யம்.

கல்லணைக் கால்வாய்க்கு 2,71,000 ஏக்கர், வடவாறு நீட்டிப்புக்கு 30,000 ஏக்கர். கணக்கு முடிந்தது. இரண்டும் டெல்டாப் பக்கம். காவிரி மலையை விட்டு இறங்கும் வாயில், சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே சுவர் எழும்பும். அந்தச் சுவருக்குப் பின்னால் ஓமலூர்த் தாலுகா ஊர்களும், எதிர்க்கரையில் அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவின் பவானித் தாலுகா ஊர்களும் மூழ்கும். தண்ணீர் அந்த மேட்டு நிலங்களைத் தொடாமல் நேரே தஞ்சாவூர் போகும். இன்றும் அணை நன்றாக இறங்கிய வருஷங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய மாதா கோயிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே தலை காட்டுகின்றன. பரிசலில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும்.

சேலம் அன்று வக்கீல்களுக்குப் பஞ்சமான ஊரா? இல்லவே இல்லை. நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார் சேலத்து வக்கீல். ராஜாஜி சேலத்தில் தொழில் நடத்தி, நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். குறை வாதாடுகிறவரிடம் இல்லை. பத்திரத்தின் அடிப்படையில் இருந்தது. 1892-ஆம் ஆண்டு விதி நடப்பில் இருக்கும் பாத்தியதையைத்தான் காப்பாற்றும். காவிரித் தண்ணீரை அனுபவித்தவனுக்கு அது உண்டு. ஆகவே இதே சமவெளியில் கீழே நாமக்கல் பக்கம் ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலின் பாசனக்காரர்கள், பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் உட்பட, பாதுகாப்பாக இருந்தார்கள். காவிரி கண்ணெதிரே ஓடியும் கிணற்றையும் வானத்தையும் நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த மேட்டூர், எடப்பாடி, திருச்செங்கோட்டுக் குடியானவனுக்குச் சட்டத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அவன் அனுபவித்ததே இல்லையே!

மேட்டூரின் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் 1950-களில்தான் வந்தன. இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் இரண்டுக்கும் சேர்த்து 45,000 ஏக்கர். அதற்காக நடந்த போராட்டத்தைப் பிறகு ஒரு வாரம் தனியாக எழுதுவேன். சி.பி.யைக் குறை சொல்லவில்லை. அவர் வக்காலத்து வாங்கிய கட்சிக்காரர் சென்னை அரசு. சென்னை அரசின் கண்ணில் காவிரி என்றால் தஞ்சாவூர் நிலவரி. கட்சிக்காரருக்கு அவர் குறைவில்லாமல் வாங்கிக்கொடுத்தார். அதோடு, தண்ணீர் விழும் இடத்தில் எல்லாம் மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. நீலகிரியில் பைக்காரா மின்திட்டத்துக்கு விடாமல் வாதாடியவர் அவர்தான். அது 1932-இல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் அணையின் அடியில் 1937-இல் மின்சாரம் பிறந்தது. சேலத்துக்குத் தண்ணீருக்கு முன்னால் விளக்கு வந்தது.

ஆனால் கட்சிக்காரருக்கே பின்னால் வினையாக வந்த ஒரு சரத்து அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. பத்தாம் விதியின் பதினொன்றாம் உட்பிரிவு. நாலு முதல் எட்டு வரையிலான உட்பிரிவுகளில் கண்ட வரம்புகளும் ஏற்பாடுகளும், ஒப்பந்தம் நிறைவேறி ஐம்பது ஆண்டு கழித்து, அனுபவத்தின் வெளிச்சத்தில் மறுபரிசீலனைக்கு உரியவை. 1924-இல் ஐம்பது வருஷம் என்பது பேரன் காலம். கையெழுத்துப் போட்டவர் யாருக்கும் அது உறுத்தியிருக்காது. 1974 பிப்ரவரி வந்தபோது, ஒப்பந்தமே காலாவதி என்றது கர்நாடகம். சில வரம்புகளைத்தான் திரும்பப் பார்க்கவேண்டும், பத்திரம் உயிரோடு இருக்கிறது என்றது தமிழ்நாடு. இந்த ஒற்றை வாக்கியத்தின் பொருள் என்ன என்று இரண்டு மாநிலத்து மூத்த வழக்கறிஞர்களும் நடுவர் மன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1924-இன் ஒப்பந்தம் செல்லத்தக்கதாகவே இருந்தது, ஆனால் 1974-இல் முடிந்துவிட்டது என்று 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அது ஓயவில்லை.

அங்கே போக இன்னும் பல வாரம் இருக்கிறது. நாம் 1924-க்கே திரும்புவோம்.

பிப்ரவரியில் மை உலர்ந்தது. மேட்டூர் வரைபடத்துக்குச் சொந்தக்காரர் கர்னல் டபிள்யூ.எம். எல்லிஸ், 1910-இலேயே திட்டம் தீட்டி வைத்தவர். இனி பணம் ஒதுக்கவேண்டும், நிலம் எடுக்கவேண்டும், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஆள் அமர்த்தவேண்டும். ஆற்றில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் வரும் என்ற எண் வரைபடத்தில் எழுதப்பட்டிருந்தது. மதகுகளின் அகலம், உபரிநீர் போகும் வழி, சுவரின் கனம் எல்லாமே அந்த ஒரு எண்ணை நம்பித்தான்.

ஐந்தே மாதம். ஜூலை பிறந்தது. மலையாளக் கரையில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்கிறார்களே, அதே மழை குடகு மலையின் மீதும் கொட்டத் தொடங்கியது. கண்ணம்பாடி அணை அரைகுறையாக நின்றது. மேட்டூரில் சுவரே இல்லை. காவிரி மலைவாயை விட்டு வெளியே வந்தபோது நொடிக்கு 4,56,000 கன அடி வந்தது.

எல்லிஸின் வரைபடம் அந்த வெள்ளத்துக்குப் போட்டது அல்ல.

(அடுத்த வாரம்: பதினாறு கண் மதகு)